சாம்பல் தொட்டி

பைரோஜாவுக்கு முதலில் மீன்கள் மேல்தான் எரிச்சல் வந்தது. செத்துத் தொலைவதென்றால் கண்மாயிலேயே மிதக்க வேண்டியதுதானே. கூடையில் ஏறி, வெள்ளைத்துரை அண்ணாச்சியின் பைக்கில் பின்சீட்டில் உட்கார்ந்து, சாக்குப் பட்டறை வாசல் வரைக்கும் வந்தா நாற வேண்டும்?

கூடையை அவர் இரும்புக் கதவுக்கு நேராக இறக்கி வைத்தார். கட்லா, ரோகு, உள்ளங்கை நீளத்தில் ஜிலேபிக் கெண்டை. எல்லாம் வாயைப் பிளந்து கிடந்தன. ஈ மொய்த்தது.

"பாய் எங்க?"

"காரியாபட்டிப் பக்கம் சாக்கு எடுக்கப் போயிருக்காக அண்ணாச்சி."

"நான் எப்ப வந்தாலும் அவரு காரியாபட்டியிலதான் இருக்காரு. சரி, நீங்க பாருங்க தாயி. நல்லாப் பாருங்க. விடியக்காலம் போனா அம்புட்டும் மேல வந்து வாயப் பொளக்குது. வெயில் ஏறுறதுக்குள்ள மல்லாந்துருது. தண்ணிய அள்ளிப் பாத்தீகளா? பச்சைப் பெயிண்டு. கைய விட்டா கையில ஒட்டுது."

"பாசி எல்லாக் கண்மாய்லயுந்தான் புடிக்குது."

"எல்லாக் கண்மாய்லயும் உரச் சாக்கு அலசி விடலையே."

கண்மாயின் மீன்குத்தகை அவருடையது. ஐப்பசி மழையில் பாதி பெருகிய கண்மாயில் குஞ்சு வாங்கி விட்டது அவர். இனி மழை பார்க்க எத்தனையோ மாதம் இருக்கிறது.

"பஞ்சாயத்துத் தலைவர்கிட்டச் சொல்லிட்டேன். நீங்க தண்ணிய நிப்பாட்டலேன்னா வாய்க்கால மண்ணப் போட்டு மேவிருவாங்க. அப்புறம் அண்ணாச்சி சொல்லலேன்னு சொல்லாதீக," என்று சொல்லிவிட்டு, கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வயலில் உரம் போட்டு உதறிய சாக்குகளை அவள் புருஷன் முகைதீன் ஊர் ஊராகப் போய் வாங்கி வருவார். பட்டறையில் அலசி, காயப்போட்டு, கிழிசல் தைத்துக் கட்டினால் தாயில்பட்டி, அச்சங்குளம் பக்கத்து வெடிக் கம்பெனிகளுக்குப் போகும். புஸ்வாணத்துக்கு அடியில் அடைக்கிற களிமண்ணை மூட்டை கட்ட, வெட்டிய காகிதக் குப்பையை அள்ள. அலசின தண்ணீர் தொட்டியிலிருந்து வாய்க்கால் வழியாக நேரே கண்மாய்க்கு இறங்கும். தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தார்கள். வாங்குவதும் விற்பதும் முகைதீன். அலசுவது, காயவைப்பது, தைப்பது, ஆட்களை வைத்து வேலை வாங்குவது, வாசலில் வந்து வைகிறவர்களிடம் வசவு வாங்குவது எல்லாம் பைரோஜா.

மீனைக் குழி வெட்டிப் புதைத்தது மாரிசெல்வி. பட்டறையில் வேலை பார்க்கும் நாலு பெண்களில் அவள்தான் மூத்தவள். மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, பட்டறையை மூடிருவீகளா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மூடுறதா இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. மறுபடியும் வெடிக் கம்பெனியில மருந்து செலுத்துற ரூமுக்கு நான் போக மாட்டேன். என்னய விட்டா எம் மருமகளக் கூப்புடுவாக. அவளையும் விட மாட்டேன்."

பைரோஜா மகளுக்குப் போன் போட்டாள். தஹ்மீனா மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியார். எதைக் கேட்டாலும் வகுப்பு எடுக்கிற மாதிரிதான் ஆரம்பிப்பாள்.

"அம்மா, டிஏபி உரத்துல பாதி பாஸ்பேட்டுதான். வயல்ல போட்டா பயிரு வளருது. அதுவே கண்மாய்க்குப் போனா பாசி வளருது. பகல்ல பாசியால ஒண்ணும் தெரியாது. ராத்திரி அதுவும் காத்த இழுக்கும், செத்து அழுகினாலும் காத்த இழுக்கும். மீனுக்கு மூச்சு முட்டுது."

"காரணம் எனக்கெதுக்குடி? என்ன செய்யணும்னு சொல்லு."

"அனல் மின் நிலையத்துல நிலக்கரி எரிச்ச சாம்பல் இருக்குல்ல, செங்கல்லு மாதிரி சாம்பல் கல்லு போடுறாங்களே, அந்தச் சாம்பல். அத அலசின தண்ணியில போட்டுக் கலக்கித் தெளிய விட்டா, பாஸ்பேட்ட அது புடிச்சுக்கிட்டு அடியில உக்காந்துரும்."

"மீன்ல சாம்பலப் போட்டு உரசுறது செத்த பெறகுதான். உசுரோட இருக்கும்போதே போடச் சொல்றியா?"

"கண்மாய்ல போடச் சொல்லலம்மா! தொட்டியில. தொட்டியில போட்டுக் கலக்கி, மேல நிக்கிற தண்ணிய மட்டும் விடணும்."

இதை அப்படியே முகைதீனிடம் சொன்னதுதான் பைரோஜா செய்த தப்பு. அவர் காதில் விழுந்தது 'சாம்பல்' மட்டும்தான். பிறத்தியார் வேண்டாமென்று ஒதுக்குகிற எதுவாக இருந்தாலும் முகைதீனுக்கு முகம் மலர்ந்துவிடும். சாத்தூர் ரோட்டில் சாம்பல் கல் போடுகிற பாண்டிமுருகன் அவருக்குப் பழக்கம். தூத்துக்குடியிலிருந்து வருகிற சாம்பலில் ஒரு லோடை மறுநாள் மத்தியானமே பட்டறைக்குள் கொண்டுவந்து தட்டிவிட்டார்.

மாசி மாதத்துக் காற்று. தார்ப்பாய் போட்டு மூட வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. முகத்துக்குப் போடுகிற பவுடரைவிட மெல்லிசான சாம்பல் அது. ஒரு சுழற்காற்றுக்குக் குவியலே எழுந்து நடந்து போன மாதிரி இருந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சாக்கு அத்தனையும் சாம்பல் நிறமாகிவிட்டது. நாலு பெண்களும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பைரோஜாவின் சோற்றுத் தூக்குக்குள் கூடச் சாம்பல்.

"தண்ணி தெளிச்சா அடங்கிரும்," என்றார் முகைதீன்.

"தண்ணி தெளிச்சு, அடங்கி, அப்புறம் இம்புட்டுச் சாக்கையும் மறுபடி அலசணும். அலசுன தண்ணி எங்க போகும்? கண்மாய்க்கு. நீங்க வேலைய மிச்சம் பண்றீகளா, கூட்டுறீகளா?"

"நீ எதுக்கெடுத்தாலும் இப்படித்தான். நான் ஒரு ஐடியா வச்சிருக்கேன் பாரு."

தொட்டி, கலக்கல், தெளிய விடுவது எல்லாம் அவருக்குச் சுற்றி வளைத்த வேலையாகப் பட்டது. வாய்க்காலுக்குக் குறுக்கே சாம்பலைக் கரையாகக் கட்டிவிட்டால், தண்ணீர் அதற்குள் கசிந்து தானாகச் சுத்தமாகிப் போகாதா? இரண்டு ஆள் வைத்துக் கட்டி, அந்தக் கரையை அவரே மிதித்துக் கெட்டியாக்கினார். மறுநாள் அலசலுக்குத் தண்ணீர் திறந்தபோது கரை கொஞ்ச நேரம் தாங்கியது. அப்புறம் களி மாதிரி நெகிழ்ந்து, மொத்தமாகக் கண்மாய்க்குள் போய்விட்டது. முகைதீன் அன்றைக்கும் காரியாபட்டிக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

வெள்ளைத்துரை அண்ணாச்சி வந்தார். இந்தத் தடவை கூடை இல்லை.

"பச்சையா இருந்துச்சு. இப்பப் பச்சையும் சாம்பலுமா இருக்கு. அடுத்து என்ன கலர் தாயி ஊத்தப் போறீக?"

பைரோஜாவுக்கு அழுகை வந்தது. அழுதால் இந்த மனுஷன் முன்னால் அழ வேண்டும். அடக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு மாசம் குடுங்க அண்ணாச்சி. நோன்பு முடியட்டும். அதுக்குள்ள ஒரு சொட்டு கெட்ட தண்ணி இங்கன இருந்து வெளிய வராம நான் பாத்துக்கிறேன். வந்துச்சுன்னா நீங்களே வந்து வாய்க்கால மூடுங்க, நான் மம்பட்டி எடுத்துத் தாரேன்."

"பாய் ஒத்துக்குவாரா?"

"அவுக ஒத்துக்கிட்டு என்ன ஆகப் போகுது?"

அன்று முதல் சாம்பல் விஷயத்தில் முகைதீன் வாயைத் திறக்கக் கூடாது என்றாகிவிட்டது. அவள் வாய்க்காலை முதலில் அடைத்தாள். பழைய சிமெண்டுத் தொட்டிகள் மூன்றையும் துடைத்து வரிசையாக்கினாள். சாக்கை நனைக்கும் முன்னால் தார்ப்பாய் மேல் போட்டு உதறச் சொன்னாள். உதறியதில் விழுந்த உரம் தனியாக ஒரு டப்பாவில் சேர்ந்தது. இத்தனை வருஷமும் இதைத் தண்ணீரில் அல்லவா கரைத்து விட்டிருக்கிறோம் என்று பார்த்தபோது அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தஹ்மீனா வந்தாள். கைப்பையில் சின்னச் சின்ன மருந்துப் பாட்டில்கள் வைத்திருந்தாள். தண்ணீரில் சில சொட்டு விட்டுக் குலுக்கினால் நீலம் பிடிக்கும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். உரச் சாக்கு அலசிய தண்ணீரில் விட்டபோது இங்க் பாட்டில் உடைந்த மாதிரி ஆனது.

சாம்பலைப் போட்டு மாரிசெல்வி கம்பால் கலக்கினாள். தெளியக் காத்திருந்து மேல்தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டார்கள். இங்க் கொஞ்சம் வெளுத்திருந்தது. அவ்வளவுதான்.

"இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றாள் பைரோஜா.

"இந்தச் சாம்பல்ல சுண்ணாம்புச் சத்துக் கம்மி. நெய்வேலிச் சாம்பல்னா இன்னும் நல்லாப் புடிச்சிருக்கும்."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எந்தச் சாம்பல்னு கேக்கவே இல்லையே! அத்தா லோடு எறக்கின பிறகுதானே எனக்கே சொன்னீங்க. சரி விடுங்க. கொஞ்சம் நீத்துன சுண்ணாம்பு சேத்துப் பாப்போம்."

சுண்ணாம்பு சேர்த்ததும் தொட்டிக்குள் வேறு மாதிரி ஆனது. கலங்கல் திரிதிரியாகத் திரண்டு, சாம்பலோடு சேர்ந்து மெல்ல அடியில் இறங்கியது. மேலே நின்ற தண்ணீரில் தொட்டியின் பக்கச் சுவர் தெரிந்தது. சொட்டு விட்டால் நீலம் இருப்பதே சந்தேகம். மாரிசெல்வி பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "அக்கா, குடிக்கலாம் போல இருக்கே," என்றாள்.

"குடிச்சிறாதீங்க," என்று தஹ்மீனா பதறினாள்.

பதறியது சரிதான் என்று அந்த வாரமே தெரிந்தது. அந்தத் தண்ணீரை ஊற்றிய பீர்க்கங்கொடி இரண்டு நாளில் கருகிவிட்டது. மாரிசெல்வியின் விரல் நுனியெல்லாம் வெந்து, தோல் உரிந்து, சோறு பிசைய முடியவில்லை. சுண்ணாம்பு கூடிப்போயிருந்தது. தஹ்மீனா கையுறை போடச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். போட்டால் கம்பு வழுக்குகிறது என்று மாரிசெல்வி கழற்றி வைத்துவிட்டாள்.

"போடச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீகக்கா."

"பின்ன ஏன் கழட்டுன?"

"வழுக்குதுக்கா."

"உனக்கு அறிவு வழுக்குது. கையக் காட்டு."

தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். இரண்டு நாள் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொன்னாள். அந்த இரண்டு நாளும் தொட்டியைக் கலக்கியது பைரோஜாதான். நோன்பு வாயோடு, உச்சி வெயிலில், முழங்கை வரை ரப்பர் உறை போட்டுக்கொண்டு. உறைக்குள் வேர்வை குளமாக நின்றது. கம்பு வழுக்கத்தான் செய்தது. மூன்றாம் நாள் மாரிசெல்வி வந்தபோது கம்பின் பிடியில் சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றியிருந்தது.

சுண்ணாம்பைப் பிடிபிடியாகக் குறைத்துப் பார்த்தார்கள். காரத்துக்குத் தக்கபடி நிறம் மாறும் தாளை முக்கி, மகள் அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டு, ஒரு அளவுக்கு வந்தார்கள். தெளிந்த தண்ணீரையும் கண்மாய்க்கு விடவில்லை. கடைசித் தொட்டியில் ஆறப்போட்டு, மறுபடி முதல் அலசலுக்கே திருப்பினாள். போர் தண்ணீரே உப்பாகவும் நூலாகவும் வருகிற ஊரில் அது மட்டும் லாபமாக இருந்தது. இதை முகைதீன் தன்னுடைய ஐடியா என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டாள்.

மிச்சம் இருந்தது அடியில் படிந்த சாம்பல். வாரம் ஒருமுறை அள்ளினால் மலையாகிறது. கல் அறுக்கப் பாண்டிமுருகனுக்குத் திருப்பிக் கொடுப்பதாக முகைதீன் வாக்குக் கொடுத்திருந்தார். பாண்டிமுருகன் கொஞ்சம் கலந்து பார்த்தார். கல் இறுகவே இல்லை, கையில் எடுத்தால் உதிர்ந்தது. "பாய், நீங்க குடுத்தத நீங்களே வச்சுக்கோங்க," என்று வண்டியோடு திருப்பிவிட்டார். சத்து இருக்கிறதே, வயலுக்குப் போடலாமே என்றால் மகள் விடவில்லை. நிலக்கரிச் சாம்பலில் வேறு என்னென்ன இருக்கிறதென்று பார்க்காமல் சாப்பிடுகிற பயிருக்குப் போடக் கூடாதாம். பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு பொட்டலம் கொண்டுபோனவள் இன்னும் சொல்லவில்லை. பட்டறை மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கல் வைத்துக் குவிந்து கிடந்தது அது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பைரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

நோன்பு முடிய நாலு நாள் இருந்தது. சாயங்காலம் கஞ்சி காய்ச்சி இறக்கிய நேரத்தில் வெளியே சத்தம்.

"தாயி! ஒரு மாசம் கேட்டீகளே, இந்தா வந்து பாருங்க. அப்படியேதான் இருக்கு!"

பைரோஜா எழுந்தாள். வாசலுக்குப் போகவில்லை. அலமாரியிலிருந்து நீல மருந்தையும் சின்ன பாட்டில்களையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கடைசித் தொட்டியில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்தாள். வாசலில் நின்றவரைப் பார்த்து, "நடங்க அண்ணாச்சி," என்றாள்.

"எங்க?"

"கண்மாய்க்குத்தான். நீங்கதானே வந்து பாக்கச் சொன்னீக."

கரையில் வேலிக்கருவை முள் சேலையை இழுத்தது. தண்ணீர் உள்வாங்கி, ஓரமெல்லாம் பச்சை ஆடை கட்டி வெடிப்போடிக் கிடந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. பட்டறை வாய்க்கால் வந்து சேருமிடம் காய்ந்து மண்ணாக இருந்தது. ஒரு மாதமாகச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று பார்த்தாலே தெரியும். ஆனாலும் கண்மாய் பச்சைதான்.

கரைக் கல்லில் பாட்டில்களை வைத்தாள். பட்டறைத் தண்ணீரில் சொட்டு விட்டாள். குலுக்கினாள். நிறம் வரவில்லை. கண்மாய்த் தண்ணீரில் விட்டாள். நீலம்.

"பாத்தீகளா? எங்கள்ட்ட இருந்து வரல. வேற எங்க இருந்தோ வருது. வேற எந்தத் தண்ணி இதுல விழுது?"

வெள்ளைத்துரை தாடையைச் சொறிந்தார். "மழைத் தண்ணி..."

"மழை எங்க பெய்யுது அண்ணாச்சி இப்ப?"

அவள் கரையிலேயே மேற்கே நடந்தாள். அவர் பின்னால் வர இஷ்டமில்லாதவர் மாதிரி வந்தார். கண்மாயின் அந்த முனையில், நாலைந்து வருஷத்துக்கு முன்னால் பிளாட் போட்டு எழுந்த புதுக் காலனி. மாடி வீடுகள். காலனிச் சாக்கடை வாறுகால் சிமெண்டுக் கட்டிலிருந்து நேரே கண்மாய்க்குள் விழுந்தது. சோப்பு நுரை பஞ்சு மாதிரிக் குவிந்து காற்றில் ஆடியது. கழிவறைத் தண்ணீரும் சேர்ந்துதான் வருகிறதென்று மூக்குச் சொன்னது.

அதில் ஒரு பாட்டில் பிடித்துச் சொட்டு விட்டாள். குலுக்கவே வேண்டியிருக்கவில்லை. கருநீலம்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வீடுகளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"தெரியும் தாயி."

"எப்பருந்து?"

"வீடு கட்டுனதுல இருந்து."

"யாரு வீடு?"

"எங்க வீடுதான். அந்தா, மஞ்சப் பெயிண்டு அடிச்சிருக்குல்ல. வாறுகால்ல மூணாவது குழாய் நம்மளது."

உரிந்த விரல்கள், கருகிய பீர்க்கு, தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிற சாம்பல் மலை, நோன்பு வாயோடு கலக்கிய மத்தியானங்கள் எல்லாம் ஒன்றாகப் பைரோஜாவின் நினைவுக்கு வந்தன.

"பெறகு எதுக்கு எங்க வாசல்ல வந்து அந்தக் கத்துக் கத்துனீக?"

"கோவப்படாதீக. கத்துறதுக்கு உங்க கதவு ஒண்ணுதான் இருக்கு. போர்டு இருக்கு, பாய் பேரு போட்டிருக்கு. அங்கன எந்தக் கதவுல போய்க் கத்துறது? ஒவ்வொரு வீட்லயும் ஒரு வாளி. யாரக் கேட்டாலும், ஒரு வாளித் தண்ணியிலயா மீன் செத்துச்சும்பாக. அதுல ஒரு கதவுல எம் பொண்டாட்டி நிக்கா." மெல்லச் சொன்னார்: "உங்க தண்ணியும் சேந்துதானே கெடுத்துச்சு? இல்லேன்னு சொல்லுங்க பாப்போம்."

இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. பாட்டில்களை மடியில் போட்டுக்கொண்டு, பள்ளிவாசல் வாங்கு கேட்பதற்குள் விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

நோன்பு திறந்து முதல் மிடறு கஞ்சி இறங்கியதும் முகைதீனிடம் சொன்னாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, நம்ம மேல தப்பில்லைன்னு! இனி அந்தச் சனியன் புடிச்ச சாம்பல் எதுக்கு? நாளையில இருந்து பழையபடி..."

"பழையபடி விட்டா, அவரு காலனியப் போய் வைய மாட்டாரு. நம்மளத்தான் வைவாரு. அதுவும் நியாயமா வைவாரு. பேசாம வடையத் தின்னுங்க."

"அப்ப நம்ம மட்டும் கலக்கிக்கிட்டே இருக்கணுமா?"

"நம்ம தண்ணிக்கு நம்மதான் கலக்கணும். அதுக்கும் வேற ஆளத் தேடுவீகளா?"

மறுநாள் காலையில் மாரிசெல்வி தொட்டியோரம் கம்பை வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். விஷயம் அவள் காதுக்கும் போய்விட்டது. பைரோஜா சாம்பல் சட்டியை எடுத்து நீட்டினாள். அவள் வாங்கித் தொட்டியில் கொட்டினாள்.

பைக் சத்தம் கேட்டது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை. பைரோஜா எட்டிப் பார்த்தாள். வெள்ளைத்துரை அண்ணாச்சி கதவுக்கு வெளியே இன்ஜினைக் கூட அணைக்காமல் வண்டியில் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. ராத்திரிச் சோறு கிடைத்திருக்காது போலிருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தாயி. வாஷிங் மெஷின் தண்ணிய வாறுகால்ல விடாத, கொல்லையில தென்னைக்குத் திருப்பிவிடுன்னு வீட்ல சொன்னேன்."

"நல்லதுதானே."

"இத்தன வருஷம் இல்லாம இப்ப என்னன்னு புடிச்சுக்கிட்டா. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா. நீங்க சொன்னீகன்னு சொல்லிட்டேன்." அவர் வண்டியின் கைப்பிடியைத் தடவினார். "இப்ப அவ உங்க மேல கோவமா இருக்கா. அதான், வழியில எங்கயாச்சும் பாத்து ஏதாச்சும் சொன்னா மனசுல வச்சுக்காதீக. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"நான் எப்ப அண்ணாச்சி சொன்னேன்? ஏன், நீங்களா சொல்றதுக்கு உங்களுக்கு வாயில்லையா?"

"கண்மாய்ல இருக்கு தாயி," என்றார் அவர். "வீட்ல இல்ல."

கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது. அவர் பார்த்துவிடக் கூடாதென்று சட்டென்று திரும்பி, "மாரிசெல்வி, அடியில இருந்து கலக்குடி, மேலாகத் தடவிக்கிட்டு இருக்க!" என்று தொட்டியைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.